லக்கேஜ்

கீழக்குயில்குடி ஆலமரத்தடியில்
ஐந்தே முக்காலுக்குத் தலை எண்ணினேன்.
ஒன்பது. அப்புறம் நான்.
வாட்ஸாப்பில் சம்மதம் சொன்ன அப்பாக்கள்
பைக்கை அணைக்காமலே கையாட்டிப் போனார்கள்.
விக்கிரமங்கலம் வரை, இரண்டு நாள்.

விதிகளை ஜெனிட்டா வாசித்தாள்,
அவள் கையெழுத்து அவளுக்குத்தான் விளங்கும்:
பறிக்காதே. கிறுக்காதே. மைக் செட் மாதிரி கத்தாதே.
தின்றதன் உறை தின்றவர் பைக்குள்.
ஒதுங்கப் போனால்
தண்ணீரைவிட்டுத் தள்ளி, குழி தோண்டி, மூடி.
இதற்கு எல்லோரும் சிரித்தார்கள்.
நாலு மணி நேரம் கழித்துக் களைக்கொத்தியைக்
கேட்டு வாங்கிப் போன முகத்தில்
சிரிப்பைக் காணோம்.

வலப்பக்கம் நாகமலை
தன்பாட்டுக்கு நீண்டுகொண்டே வந்தது.
'நாம போறது தலைக்கா, வாலுக்கா மிஸ்?'
'போய்த்தான் பாக்கணும்.'

பதினோராவது கிலோமீட்டரில்
ஹஸீனா உட்கார்ந்துவிட்டாள்.
குதிகாலில் கொப்புளம், உடைந்து.
பயிற்சி முகாமில் கொடுத்த ஊக்கச் சொற்கள்
ஒரு பக்கம் முழுக்க என்னிடம் இருந்தன.
எடுக்கவில்லை.
கருவேல நிழலில் நாங்களும் உட்கார்ந்தோம்.
கடலைமிட்டாய்த் துணுக்கைத் தூக்கிக்கொண்டு
எறும்புகள் வரிசையாகப் போயின.
அவற்றைப் பார்த்து யாரும் பாடம் படிக்கவில்லை,
கார்மேகத்தைக் கடித்ததுதான் மிச்சம்.
இருபத்திரண்டு நிமிடம்.
பிறகு அவளே சாக்ஸைத் திருப்பிப் போட்டு
'அந்தப் பனை வரைக்கும்தான்' என்றாள்.
பனை வந்ததும்,
'அந்தக் கரண்டுக் கம்பம்.'
கம்பம் கம்பமாகக்
கொங்கர்புளியங்குளம் வந்துவிட்டது.
'எங்கம்மாகிட்ட நான் உக்காந்ததையும் சொல்லணும்,
இல்லாட்டி நம்பாது.'

குகைக்குள் கற்படுக்கைகள்
வெயிலே அறியாத குளிரில் இருந்தன.
மேலே பாறை நெற்றியில்
இரண்டாயிரம் வருஷத்துப் பெயர்கள்.
கீழே ஆயில் பெயிண்டில்
அம்பு தைத்த இதயம், செல்போன் நம்பரோடு.
கார்மேகத்தின் கை டவுசர் பைக்குள் போனது.
காம்பஸ்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
'அவுக மட்டும் எழுதலாமாக்கும்?'
'அது பழசுடா.'
'நாம எழுதுனாலும் பழசாகும்ல?'
அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

இரவு பள்ளிக்கூட வராந்தாவில்
தேனி ரோட்டு லாரிகள் தூரத்தில் இரைந்தன.
எல்லோரும் தூங்கியாயிற்று என்று நினைத்தபோது
ஒரு போர்வைக்குள்ளிருந்து பாண்டிமீனா:
'டேய், அது படுக்கை வெட்டிக் குடுத்தவுக பேருடா.
நீ என்னத்தக் குடுத்த?'
பதில் இல்லை.
தூங்கிவிட்டானோ என்னவோ,
நான் தூங்கவில்லை.

மறுநாள், சொல்லிவிடுகிறேன்,
ஆரஞ்சுத் தோலை எறிந்தது நான்.
மட்கிப்போகும்தானே என்று.
ஜெனிட்டா ஒன்றும் சொல்லவில்லை,
நின்றாள். அவ்வளவுதான்.
முள்ளுக்குள் குனிந்து எடுத்துவந்தேன்.

எங்கே கிடைத்ததோ, ஒரு உரச்சாக்கு
கார்மேகத்தின் தோளில் ஏறியிருந்தது.
கால்வாய்க் கரை நெடுக
குவார்ட்டர் பாட்டில், டம்ளர், ஷாம்பு உறை,
கடவுளுக்குப் போட்டுக் கழற்றிய பிளாஸ்டிக் மாலை.
யாரும் அவனிடம் சொல்லவில்லை.
நானும் பாராட்டவில்லை.
பாராட்டினால் கீழே போட்டுவிடுகிற பையன் அவன்.
மதியம் வெயில் மண்டையைப் பிளந்தபோது
சாக்கின் மறுமுனையை ஹஸீனா பிடித்திருந்தாள்,
நொண்டிக்கொண்டே.

விக்கிரமங்கலத்தில் தலையும் இல்லை, வாலும் இல்லை.
மலை சும்மா நின்றுபோயிருந்தது,
சொல்ல வந்ததை மறந்த ஆள் மாதிரி.
பஸ் ஸ்டாப்பில் குப்பைத்தொட்டியும் இல்லை.

'மூட்டைல என்ன தம்பி?'
'குப்பைண்ணே.'
'குப்பைய எங்க கொண்டு போற?'
'இன்னும் தெரியல.'
கண்டக்டர் சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
லக்கேஜ் கிழித்தார். பதினஞ்சு ரூபாய்.
ஐஸுக்கு வைத்திருந்த காசு.
டிக்கெட்டை மடித்து
காம்பஸ் இருந்த பைக்குள் வைத்துக்கொண்டான்.

இரண்டு நாளைச்
செக்கானூரணி தாண்டுவதற்குள் பஸ் சுருட்டிவிட்டது.
எட்டுப் பேர் தூக்கம்.
ஹஸீனா மட்டும் ஜன்னலோரம்
ஒவ்வொரு கம்பமாகப் பார்த்து வருகிறாள்.
பள்ளத்தில் பஸ் இறங்கும்போதெல்லாம்
சீட்டுக்கடியில் பாட்டில்கள் பேசிக்கொள்கின்றன.
யார் வீட்டுக்கு என்பது
இன்னும் முடிவாகவில்லை.